மார்ஃபின் வலியைத் தடுக்கும் இடங்களும் அதை வீட்டில் கொடுக்கும் முறையும்

புற்றுநோயோ வேறு கடும் நோயோ முற்றிய ஒருவருக்கு வீட்டிலேயே மார்ஃபின் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், சிங்கப்பூரில் நம் குடும்பங்களில் இரண்டு அச்சங்கள் ஒருசேர எழுகின்றன. ஒன்று, இது கடைசி நாள்களில் கொடுக்கும் மருந்து, இதைத் தொட்டால் உயிர் போய்விடும் என்ற எண்ணம். மற்றொன்று, இது போதைப்பொருள், ஒருமுறை பழகிவிட்டால் விடவே முடியாது என்ற எண்ணம். இரண்டாவது அச்சத்துக்கு இந்த ஊரில் நீண்ட வரலாறு உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் அரசாங்கத்தின் பெரும் வருவாய்களில் ஒன்றாக அபின் இருந்தது. போர் முடிந்த பிறகு, 1946இல்தான் அபின் புகைப்பது தடைசெய்யப்பட்டது. 1955இல் செயிண்ட் ஜான்ஸ் தீவில் அபினுக்கு அடிமையானவர்களுக்கென ஒரு சிகிச்சை நிலையமும் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தைக் கண்ட பெரியவர்கள் இன்றும், அபினிலிருந்து எடுக்கப்படும் மார்ஃபினின் பெயரைக் கேட்டால் முகம் சுருங்குவதில் வியப்பில்லை. அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆயினும், அதன் பொருட்டு ஒரு நோயாளி இரவு முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இந்த மருந்து மூளையிலும் தண்டுவடத்திலும் எங்கே, எப்படி வேலை செய்கிறது என்று ஓரளவு தெரிந்துகொண்டால், எதை எப்போது கொடுப்பது, எதற்குக் கவலைப்படுவது, எதற்குக் கவலைப்படத் தேவையில்லை என்பதெல்லாம் பெரும்பாலும் அதிலிருந்தே விளங்கிவிடும். மருந்தின் அளவை முடிவு செய்வது மருத்துவரின் பொறுப்பு. அதைச் சரியாகக் கொடுப்பதும், நடப்பதைக் கவனித்துத் தெரிவிப்பதும் வீட்டில் இருப்பவரின் பொறுப்பு. அந்த இரண்டாவது பொறுப்பை ஏற்றிருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வலி செல்லும் பாதை

கால்விரல் கட்டில் முனையில் இடித்துக்கொள்ளும்போது முதலில் சுருக்கென்று ஒரு வலி வருகிறது; ஓரிரு நொடி கழித்து, விண்ணென்று தெறிக்கும் மற்றொரு வலி தொடர்கிறது. இரண்டு வகை நரம்பிழைகள் இந்தச் செய்தியைச் சுமப்பதே அதற்குக் காரணம். மெல்லிய உறை போர்த்த ஏ-டெல்டா இழைகள் நொடிக்கு ஏறத்தாழ 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செல்கின்றன. உறையே இல்லாத சி இழைகளின் வேகம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டுவதில்லை. நாள்பட்ட நோயில் உடம்பை அரிக்கும் மந்தமான, விடாத வலியைப் பெரும்பாலும் சுமப்பவை இந்தச் சி இழைகளே. மார்ஃபின் நன்றாக அடக்குவதும் இவை கொண்டுவரும் வலியைத்தான்.

இந்த இழைகள் எல்லாம் தண்டுவடத்தின் பின்பகுதியில் உள்ள சாம்பல்நிறத் திசுவுக்குள், அதாவது பின்கொம்பு என்று சொல்லப்படும் இடத்தில் வந்து முடிகின்றன. அங்கே முதல் கைமாற்றம் நடக்கிறது. வந்து சேர்ந்த இழையின் நுனி குளூட்டமேட், சப்ஸ்டன்ஸ் பி போன்ற வேதிப்பொருள்களை வெளியிடுகிறது. அடுத்த நரம்பணு அவற்றைப் பெற்றுத் தூண்டப்பட்டு, தண்டுவடத்தின் மறுபக்கத்துக்குக் கடந்து, மேலே மூளையின் நடுவில் உள்ள தலாமஸ் நோக்கிச் செய்தியை அனுப்புகிறது. தலாமஸிலிருந்து அது பல திசைகளில் பிரிகிறது. உடலின் எந்த இடத்தில், எவ்வளவு கடுமையாக வலிக்கிறது என்று கணிப்பது மூளையின் உணர்வுப் புறணி. அந்த வலி எவ்வளவு வேதனை தருகிறது, எவ்வளவு அச்சுறுத்துகிறது என்பதை நிர்ணயிப்பவை சிங்குலேட், இன்சுலா போன்ற வேறு பகுதிகள். வலியை உணர்வதும் வலியால் துன்புறுவதும் மூளையில் முழுக்க ஒரே வேலை அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மார்ஃபின் எடுத்துக்கொண்ட சிலர், "வலி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது என்னைப் படுத்தவில்லை" என்று சொல்வதன் காரணம் இதுவே.

தண்டுவடத்தின் பின்கொம்பைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். வலிக்கும் இடத்தை நாம் தேய்த்துவிடும்போது, தொடுவுணர்வைச் சுமக்கும் தடித்த நரம்பிழைகளும் அதே பின்கொம்புக்குச் செய்தி அனுப்புகின்றன. அவை அங்குள்ள தடுப்பு நரம்பணுக்களைத் தூண்டிவிட்டு வலிச் செய்தியைக் குறைக்கின்றன. ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் ஆகிய இருவரும் 1965இல் வெளியிட்ட வாயிற்கட்டுப்பாட்டுக் கோட்பாடு இதைத்தான் விளக்க முற்பட்டது. அதன் நுணுக்கங்கள் பின்னர் பெரிதும் திருத்தப்பட்டன. ஆயினும், தண்டுவடம் வலிச் செய்தியை அப்படியே கடத்திவிடுவதில்லை, அதைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது என்ற அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது. ஆகவே பாட்டியின் முழங்காலில் கோடாலித் தைலத்தைப் போட்டு நீவிவிடுவது வெறும் மன ஆறுதலுக்கான செயல் அன்று. மார்ஃபின் கொடுத்துக்கொண்டே அதையும் செய்யலாம். தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை இருக்கும் இடத்தில் மட்டும் கூடாது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மருந்து போய் அமரும் இடங்கள்

மார்ஃபினையும் அதைப் போல வேலை செய்யும் பொருள்களையும் ஓபியாய்டு என்கிறார்கள். அவை வந்து அமர்வதற்கென நரம்பணுக்களின் மேற்பரப்பில் ஓபியாய்டு ஏற்பிகள் என்ற புரதங்கள் இருக்கின்றன. மூளையில் அவை இருப்பதைக் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் 1973இல் ஆய்வு வழியே காட்டினார்கள். கசகசாச் செடியின் பாலில் உள்ள ஒரு பொருளுக்கு மனித மூளையில் ஏன் இடம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற கேள்வி அப்போது இயல்பாகவே எழுந்தது. 1975இல் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்சும் அதற்கு விடை கண்டார்கள்: உடலே அந்த ஏற்பிகளுக்கான பொருள்களைத் தயாரிக்கிறது. அவர்கள் கண்டெடுத்தவை என்கெஃபலின்கள். எண்டார்ஃபின், டைனார்ஃபின் ஆகியவை அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. எனவே மார்ஃபின் உடலில் புதிதாக எதையும் கட்டுவதில்லை. ஏற்கெனவே இருக்கும் வலியடக்கும் அமைப்பைத்தான் வலுவாக இயக்குகிறது.

ஏற்பிகளில் மியூ, டெல்டா, கப்பா என்ற மூன்று முக்கிய வகைகள் உள்ளன. மார்ஃபின், ஃபென்டனில், ஆக்சிகோடோன், மெத்தடோன் ஆகிய எல்லாமே முக்கியமாக மியூ ஏற்பியில் அமர்ந்து வேலை செய்கின்றன. வலி குறைவது இந்த ஏற்பியால்தான். மலச்சிக்கல், மூச்சு மந்தமாவது, மயக்கம், இன்ப உணர்வு ஆகியவையும் இதே ஏற்பியால்தான். ஏற்பி ஒன்றே, அது எந்த உறுப்பில், எந்த நரம்பணுவில் இருக்கிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது. பராமரிப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு செய்தியிலிருந்து கிளைப்பவை.

தண்டுவடத்தின் பின்கொம்பில் மியூ ஏற்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே மார்ஃபின் ஒரே இடத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. வலிச் செய்தியைக் கொண்டுவரும் இழையின் நுனியில் அது கால்சியம் நுழையும் வழிகளை அடைக்கிறது. கால்சியம் நுழையாவிட்டால் குளூட்டமேட்டும் சப்ஸ்டன்ஸ் பியும் போதிய அளவில் வெளியேறுவதில்லை. செய்தியைப் பெற வேண்டிய அடுத்த நரம்பணுவில் அது பொட்டாசியம் வெளியேறும் வழிகளைத் திறந்துவிடுகிறது. அதனால் அந்த நரம்பணு எளிதில் தூண்டப்படாத நிலைக்குப் போகிறது. அனுப்புபவரின் குரலும் தாழ்கிறது, கேட்பவரின் காதும் மந்தமாகிறது.

மூளையில் நடப்பது இதைவிட நுட்பமானது. நடுமூளையில் பெரியக்குவடக்டல் கிரே என்றொரு பகுதி உண்டு. 1969இல் டேவிட் ரெனால்ட்ஸ் என்பவர் எலியின் மூளையில் அந்தப் பகுதியை மின்சாரத்தால் தூண்டியபோது, வேறு மயக்கமருந்து இல்லாமலேயே அதற்கு வயிற்றில் அறுவை செய்ய முடிந்தது. அந்தப் பகுதியிலிருந்து முகுளம் வழியாகத் தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதைகள், பின்கொம்பில் செரோடோனின், நார்அட்ரினலின் ஆகியவற்றை வெளியிட்டு வலிச் செய்தியை அடக்குகின்றன. சாதாரண நேரத்தில் இந்த இறங்குபாதை முழு வேகத்தில் இயங்காதபடி, காபா என்ற வேதிப்பொருளை வெளியிடும் நரம்பணுக்கள் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. மார்ஃபின் அந்தக் காபா நரம்பணுக்களை அடக்குகிறது. பிடி தளர்ந்ததும் இறங்குபாதை தானாக வேலை செய்யத் தொடங்குகிறது. அதாவது வலியைத் தடுக்கும் ஆணை மேலிருந்து வருகிறது, கீழே தண்டுவடத்திலும் மருந்து நேராக நின்று தடுக்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் வேலை நடப்பதால், மொத்தப் பயன் இரண்டையும் தனித்தனியாகக் கூட்டுவதைவிட அதிகமாக இருக்கிறது.

தண்டுவடமே ஒரு முக்கிய இலக்கு என்பதால், மருந்தை நேராக அங்கேயே செலுத்தும் முறையும் வந்தது. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் மார்ஃபினைச் செலுத்திப் புற்றுநோயாளிகளின் வலியைக் குறைத்த அனுபவம் 1979இல் வெளியானது. இன்று சிசேரியன் அறுவையின்போது முதுகில் போடும் ஊசியிலும், பிரசவ வலிக்கான எபிடூரலிலும் சிறிதளவு ஓபியாய்டு சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. வாயால் கொடுப்பதில் மிகச் சிறிய பங்கே அங்கே போதுமானது.

உடலின் சொந்த ஓபியாய்டுகளைப் பற்றிய ஒரு சோதனை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பல் பிடுங்கியவர்களுக்கு மருந்தே இல்லாத ஊசியைப் போட்டபோதும் சிலருக்கு வலி குறைந்தது. ஓபியாய்டு ஏற்பியை அடைக்கும் நலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்ததும் அவர்களுக்கு அந்த நிவாரணம் கரைந்துபோனது. இது 1978இல் வெளியான ஆய்வு. உதவி வருகிறது என்ற நம்பிக்கையே மூளையில் உண்மையான வேதிப்பொருளை வெளியிடச் செய்கிறது என்பது இதன் பொருள். ஆகவே மருந்தைக் கொடுக்கும்போது தயங்கித் தயங்கி, "வேண்டா வெறுப்பாகக் கொடுக்கிறேன்" என்பது போல நீட்டாதீர்கள். அருகில் அமர்ந்து, இது வலியைக் குறைக்கும் என்று தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள்.

கடிகாரம் பார்த்துக் கொடுப்பது

தோ பாயோவில் ஒரு வீட்டில், மாலை வேளையில், மருமகள் மருந்துடன் அறைக்குள் வந்தார். "அத்தை, மணி ஆறாயிடுச்சு, இதைக் குடிச்சிடுங்க." கட்டிலில் இருந்தவர் கையை ஆட்டினார். "இப்ப வலி இல்லம்மா. வந்தா கேக்கிறேன், அப்போ கொடு." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. தலைவலிக்குப் பேனடால் எடுத்துக்கொள்வதும் அப்படித்தானே. ஆனால் அவருக்கு வலி இல்லாதிருந்ததன் காரணம், பிற்பகல் இரண்டு மணிக்குக் கொடுத்த மருந்து இன்னும் ஏற்பிகளில் அமர்ந்திருந்ததுதான்.

வாயால் கொடுக்கும் சாதாரண மார்ஃபின் திரவம் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, ஒரு மணி நேர அளவில் உச்சத்தை அடைந்து, நான்கு மணி நேரம் போல நிற்கிறது. வலி திரும்பும்வரை காத்திருந்தால், அடுத்த வேளை மருந்து வேலை செய்யும்வரை அவர் முழு வலியையும் அனுபவிக்க வேண்டும். அதைவிடப் பெரிய பாதிப்பு தண்டுவடத்தில் நேர்கிறது. இடைவிடாத வலிச் செய்தி பின்கொம்பு நரம்பணுக்களைக் கூர்மையாக்கிவிடுகிறது. சிறு தூண்டலுக்கும் அவை பெரிதாகப் பதிலளிக்கத் தொடங்குகின்றன. அப்படி ஆனபின் அதே வலியை அடக்க அதிக மருந்து தேவைப்படலாம். உலகச் சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்கு வழிமுறை வகுத்தபோதே, இயன்றவரை வாயால் கொடுங்கள், கடிகாரப்படி கொடுங்கள் என்று சொன்னது. அந்த அறிவுரை இன்றும் மாறவில்லை.

இதை எண்களில் பார்த்தால் எளிதாக விளங்கும். ஒருவருக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மில்லிகிராம் எழுதப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் ஆகிறது. அளவு நிலைப்பட்ட பிறகு மருத்துவர் இதையே மெதுவாகக் கரையும் மாத்திரையாக, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 30 மில்லிகிராம் என்று மாற்றக்கூடும். அப்போதும் சாதாரணத் திரவம் ஒன்று கையில் இருக்கும். குளிப்பாட்டும்போதோ புண்ணுக்குக் கட்டு மாற்றும்போதோ திடீரென எழும் வலிக்கு அது. அந்த இடைவேளை அளவு வழக்கமாக ஒரு நாளின் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் ஆறில் ஒரு பங்கு வரை இருக்கும். இந்தக் கணக்கில் 6 முதல் 10 மில்லிகிராம். எப்போது கொடுத்தீர்கள், கொடுக்கும் முன் வலி பத்துக்கு எத்தனை, ஒரு மணி நேரம் கழித்து எத்தனை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இடைவேளை மருந்து நாளுக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால் அடிப்படை அளவு போதவில்லை என்று பொருள். அந்தக் குறிப்பேட்டைப் பார்த்து அளவை மாற்றுவது மருத்துவருக்கு எளிது. பணிப்பெண்ணும் மருந்து கொடுக்கிறார் என்றால் அவரும் அதே ஏட்டில் எழுத வேண்டும். இரண்டு பேர் ஒரே வேளை மருந்தை இரண்டுமுறை கொடுத்துவிடும் ஆபத்தை அந்த ஏடுதான் தடுக்கிறது.

மெதுவாகக் கரையும் மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. 12 மணி நேரத்துக்கான மருந்து முழுவதும் சில நிமிடங்களில் வெளியாகிவிடும். விழுங்க முடியவில்லை என்றால் அன்றே தாதிக்குத் தெரிவியுங்கள். வேறு வடிவம் உண்டு.

திரவத்தை அளக்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்பது போத்தலுக்குப் போத்தல் மாறக்கூடும். ஒன்றில் 2.5 மில்லிலிட்டர் எடுத்தால் 2.5 மில்லிகிராம், இருமடங்கு செறிவுள்ள மற்றொன்றில் அதே அளவு எடுத்தால் 5 மில்லிகிராம். புதுப் போத்தல் வந்ததும் பழையதின் அருகில் வைத்து, இரண்டிலும் ஒட்டியுள்ள பெயர்ச்சீட்டுகளில் உள்ள எண்களை ஒப்பிடுங்கள். ஊசி இல்லாத வாய்வழி சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்து, காற்றுக் குமிழி இருந்தால் விரலால் தட்டி மேலேற்றி வெளியே தள்ளிவிட்டு, உள்ளே நகரும் கறுப்புத் தண்டின் மேல்விளிம்பு கோட்டோடு சரியாகப் பொருந்துகிறதா என்று கண் மட்டத்தில் பாருங்கள். நோயாளியைச் சாய்ந்து உட்காரவைத்து, கன்னத்தின் உட்பக்கமாக மெல்ல மெல்ல விடுங்கள். தேக்கரண்டியால் அளக்க வேண்டாம்.

குடலும் மூச்சும்

குடல்சுவரில் உள்ள நரம்புவலையிலும் மியூ ஏற்பிகள் இருப்பதால், மார்ஃபின் குடலின் அசைவைக் குறைக்கிறது. உணவு நகராமல் நின்று, நீர் உறிஞ்சப்பட்டு, மலம் இறுகுகிறது. குமட்டலும் தூக்கக்கலக்கமும் பெரும்பாலோருக்குச் சில நாள்களிலோ ஒரு வாரத்திலோ தணிந்துவிடும். மலச்சிக்கல் அப்படித் தணிவதில்லை. மருந்து இருக்கும்வரை அதுவும் இருக்கும். எனவே மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். சென்னா போல குடலைத் தூண்டும் மருந்தோ, லாக்டுலோஸ் போல நீரை இழுக்கும் மருந்தோ, இரண்டுமோ எழுதப்படும். நம் வீடுகளில் மலச்சிக்கலுக்கு உடனே இசப்கோல் கரைத்துக் கொடுப்பது பழக்கம். அசைவு குறைந்த குடலில், தண்ணீரும் குறைவாகக் குடிக்கும் ஒருவருக்கு, அது உள்ளேயே தங்கி அடைப்பைக் கூட்டக்கூடும். ஆகவே இங்கே அதைத் தவிர்ப்பதே நல்லது. மலம் கழியாமல் மூன்று நாள் ஆனால் காத்திருக்காமல் தெரிவியுங்கள். வயிற்று வலியால் முனகும் நோயாளிக்கு மேலும் மார்ஃபின் கொடுத்து, அதனால் மலச்சிக்கல் மேலும் இறுகி, வலி இன்னும் கூடும் நிலை உண்மையிலேயே நேர்கிறது.

மூச்சைப் பற்றிய அச்சம்தான் எல்லாவற்றிலும் பெரியது. மூளைத்தண்டில் மூச்சின் தாளத்தை உண்டாக்கும் நரம்பணுக்களிலும் மியூ ஏற்பிகள் உள்ளன. இரத்தத்தில் கரியமில வாயு கூடும்போது மூச்சை வேகப்படுத்தும் இயல்பை ஓபியாய்டு மழுங்கச் செய்கிறது. ஆபத்து உண்மையானதே. ஆனால் அது முன்னறிவிப்பின்றி வருவதில்லை. அளவு கூடும்போது முதலில் வலி குறையும், பிறகு தூக்கம் ஆழமாகும், அதன் பின்னரே மூச்சு மந்தமாகும். வலி மூச்சைத் தூண்டிக்கொண்டும் இருக்கிறது. எனவே வலியின் அளவுக்கு ஏற்றபடி படிப்படியாகக் கூட்டப்படும் வாய்வழி மார்ஃபின், சரியாகக் கொடுக்கப்படும்போது, உயிரைக் குறைப்பதில்லை. கடைசி நாள்களில் இருக்கும் ஒருவர் மார்ஃபின் கொடுத்த சில மணி நேரத்தில் இறந்தால், மருந்து கொடுத்தவரின் மனத்தில் அது முள்ளாகத் தங்கிவிடுகிறது. அவரை இறக்கச் செய்தது நோய்; கடைசி வேளை மருந்தை யார் கையால் கொடுத்திருந்தாலும் அது அப்படித்தான்.

கவனிக்க வேண்டியது விழிப்புநிலை. தோளைத் தொட்டுப் பெயர் சொல்லி அழைத்தால் கண் திறந்து பதில் சொல்கிறாரா? சொன்னால், நன்றாகத் தூங்குகிறார் என்றே கொள்ளலாம்; பல இரவுகள் வலியால் தூங்காதவர் முதல் ஓரிரு நாள் நீண்ட நேரம் தூங்குவது வழக்கம். எழுப்பியும் எழாமல், ஒரு முழு நிமிடம் எண்ணினால் மூச்சு எட்டுக்கும் குறைவாக இருந்தால், அல்லது உதடு நீலம் பாரித்தால், அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு உடனே அழையுங்கள். வீட்டுக்கு வரும் அந்திமகாலப் பராமரிப்புக் குழு கொடுத்த எண் இருந்தால் அதற்கு, இல்லையெனில் 995க்கு. கண்பாவை ஊசிமுனையாகச் சிறுத்திருப்பது மட்டும் ஆபத்தின் அறிகுறி அன்று. மார்ஃபின் எடுக்கும் எவருக்கும் அது உண்டு. தூக்க மாத்திரை, மதுபானம், தூக்கம் வரவழைக்கும் சளி மருந்து ஆகியவை ஓபியாய்டுடன் சேர்ந்தால் மூச்சை மேலும் அடக்கும். மருத்துவருக்குத் தெரியாமல் அவற்றில் எதையும் சேர்க்காதீர்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சிங்கப்பூர் இந்தியரிடையே நீரிழிவு அதிகம், அதனால் சிறுநீரகம் கெட்டவர்களும் அதிகம். கல்லீரல் மார்ஃபினை மாற்றி உண்டாக்கும் பொருள்களில் ஒன்று மார்ஃபினைப் போலவே வீரியமுடையது. அது சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வெளியேறாவிட்டால் உடலில் சேர்ந்துகொண்டே போகும். கை கால் திடீர் திடீரென வெட்டி இழுப்பது, இல்லாததைப் பார்ப்பதாகச் சொல்வது, புதிதாகக் குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். இத்தகையோருக்கு மருத்துவர் பெரும்பாலும் ஃபென்டனில் போன்ற வேறு மருந்தைத் தேர்வு செய்வார். டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்றால் ஒவ்வொரு மருத்துவரிடமும் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மருந்துப் பட்டை

ஃபென்டனில் மார்ஃபினைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வீரியமுடையது. பட்டையில் அதன் அளவு மில்லிகிராமில் அல்ல, மணிக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று குறிக்கப்படுகிறது. எண்ணைப் பார்த்து, 25தானே, சிறிய அளவு என்று எண்ணிவிடக் கூடாது; மணிக்கு 25 மைக்ரோகிராம் என்பது நாளொன்றுக்கு வாயால் கொடுக்கும் மார்ஃபின் 60 மில்லிகிராமுக்கு அல்லது அதற்கும் மேலே ஈடாகிறது. ஒரு பட்டை 72 மணி நேரம் இருக்கும். ஒட்டியபின் முழு வேகத்தில் வேலை செய்ய 12 முதல் 24 மணி நேரம் பிடிக்கும். கழற்றிய பின்னும் தோலில் தங்கிய மருந்து பல மணி நேரம் உள்ளே சென்றுகொண்டிருக்கும்.

வெப்பம் பட்டையிலிருந்து மருந்து உறிஞ்சப்படும் வேகத்தைக் கூட்டுகிறது. காய்ச்சல், சுடுநீர்ப் பை, சூடேற்றும் போர்வை ஆகிய எல்லாமே இதில் அடங்கும். தைலம் தேய்த்து நீவுவதை அங்கே செய்யக் கூடாது என்று முன்பு சொன்னது இதனால்தான். தேய்ப்பு, சூடு இரண்டும் இரத்த ஓட்டத்தைக் கூட்டும், எண்ணெய்ப் பசை பட்டையைக் கழன்றுவிழவும் செய்யும். நம் ஊர் வெக்கையில் வியர்த்தே பட்டை ஓரம் பிரிந்துவிடுவது உண்டு. முடி குறைந்த, உலர்ந்த இடத்தில், மேல்கையிலோ மார்பிலோ, ஒட்டி உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஒட்டிய தேதியையும் நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். அடுத்ததை வேறு இடத்தில் ஒட்டுங்கள். பழையதைக் கழற்றாமல் புதியதை ஒட்டிவிடும் தவறு அடிக்கடி நடப்பது. கழற்றியாகிவிட்டதா என்று முதுகுப் பக்கம்வரை பாருங்கள்.

பழக்கமும் அடிமைத்தனமும்

ஏற்பிகள் தொடர்ந்து தூண்டப்படும்போது, நரம்பணு அவற்றில் சிலவற்றைச் செயலிழக்கச் செய்கிறது, சிலவற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நாளடைவில் அதே பயனுக்குச் சற்று அதிக மருந்து தேவைப்படலாம். திடீரென நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, பதற்றம், உடல்நடுக்கம் வரும். மருந்து அடக்கி வைத்திருந்த நார்அட்ரினலின் நரம்பணுக்கள் ஒரே சமயத்தில் எழுவதே காரணம். இது வாரக்கணக்கில் மார்ஃபின் எடுக்கும் யாருக்கும் வரும் உடல்நிலை. எனவே சொந்தமாக நிறுத்தாதீர்கள். கதிரியக்கச் சிகிச்சையால் வலி குறைந்துவிட்டாலும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அடிமைத்தனம் என்பது வேறு. மூளையின் வெகுமதிப் பாதையில் காபா நரம்பணுக்களை அடக்கி டோபமினைக் கூட்டுவதன் வழியே ஓபியாய்டு அதை உண்டாக்கக்கூடும். தீங்கு தெரிந்தும் தேடி ஓட வைப்பது அதன் தன்மை. வலிக்காகக் கடிகாரப்படி வாயால் எடுக்கும் நோயாளிகளில் அது அரிது, இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். முன்பு போதைப்பழக்கமோ குடிப்பழக்கமோ இருந்தவர் என்றால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வலி மருந்து மறுக்கப்படாது, கண்காணிப்பு கூடும், அவ்வளவே. ஆண்டுக்கணக்கில் நீளும் முதுகுவலி, மூட்டுவலி போன்றவற்றுக்கு வலுவான ஓபியாய்டு ஏற்ற மருந்து அன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அங்கே பயன் குறைவு, இடர் அதிகம்.

எல்லா வலிக்கும் மார்ஃபின் ஒன்றே போதாது. நரம்பே சேதமடைந்து எரிவதும் மின்சாரம் பாய்வது போலச் சுரீரிடுவதும் மார்ஃபினுக்கு அரைகுறையாகவே அடங்கும். அதற்கு அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்ற மருந்துகளைச் சேர்ப்பார்கள். ஆகவே வலி பத்துக்கு எத்தனை என்று மட்டும் சொல்லாமல், எரிகிறதா, குத்துகிறதா, அழுத்துகிறதா, எங்கே பரவுகிறது என்பதையும் நோயாளியின் சொற்களிலேயே எழுதி வையுங்கள்.

பூட்டி வைப்பதும் திருப்பிக் கொடுப்பதும்

போதைப்பொருள் தவறாகப் பயன்படுத்துதல் சட்டத்தின்கீழ் மார்ஃபின் முதல் வகுப்பில் உள்ள பொருள். மருத்துவர் எழுதிக் கொடுத்ததை அந்த நோயாளிக்காக வீட்டில் வைத்திருப்பது குற்றம் அன்று. ஆனால் அதை அண்டை வீட்டாருக்கோ, அதே வலி என்று சொல்லும் உறவினருக்கோ கொடுக்கக் கூடாது. சட்டத்துக்காக மட்டும் அன்று, பழகாத உடலில் அந்த அளவு மூச்சை நிறுத்திவிடக்கூடும் என்பதற்காகவும். பூட்டிய பெட்டியில், பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். போத்தலில் ஒட்டியுள்ள பெயர்ச்சீட்டைக் கிழிக்க வேண்டாம். சென்னைக்கோ திருச்சிக்கோ நோயாளியை அழைத்துச் செல்வதாக இருந்தால், புறப்படுவதற்குப் பல நாள் முன்பே சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி தேவையா என்று மருந்தாளரிடம் கேட்டு, மருத்துவரின் கடிதத்துடன், மருந்தை அதன் போத்தலிலேயே எடுத்துச் செல்லுங்கள். செல்லும் நாட்டின் விதியையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

பயன்படுத்திய பட்டையில் கணிசமான மருந்து மிச்சமிருக்கும். ஒட்டும் பக்கங்கள் உள்ளே இருக்கும்படி இரண்டாக மடித்து ஒட்டி, பிள்ளைகளும் வளர்ப்புப் பிராணிகளும் எடுக்க முடியாதபடி அப்புறப்படுத்துங்கள். நோயாளி காலமான பிறகோ மருந்து மாற்றப்பட்ட பிறகோ மீதமிருப்பதை அலமாரியில் விட்டுவைக்காமல், வாங்கிய மருத்துவமனையின் மருந்தகத்துக்கோ வீட்டுக்கு வந்த குழுவின் தாதியிடமோ கொண்டுபோய்க் கொடுங்கள். எவ்வளவு திருப்பிக் கொடுத்தீர்கள் என்பதைக் குறிப்பேட்டின் கடைசி வரியில் எழுதிவிடுங்கள்.